மூன்று குண்டுகளை வைத்து ஒரு துப்பாக்கிப் பேரலை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், புதிதாக வாங்கிய ரைஃபிளைப் போட்டிக்குத் தயார்செய்வது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற பிறகு, எங்கள் கடற்கரை ஊர்களிலும் துப்பாக்கி சுடுதலைப் பற்றி விசாரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழிலேயே படித்துப் புரிந்துகொள்ள ஒரு கட்டுரை வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் அதில் இரண்டு கருத்துகள் அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த புதிய பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், மூன்று தோட்டாக்களைச் சுட்டார்கள் என்றும், மூன்று துளைகளையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிட முடிந்தது என்றும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால் அந்தப் பேரலின் தரம் அங்கேயே தெரிந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுச் சுடுநர்கள் தங்கள் பேரலுக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வதுபோல நம் பிள்ளைகளும் வீட்டில் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது கருத்து.

நான் ராணுவத்தில் 24 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பிரித்துச் சோதித்துப் பழுதுபார்ப்பவனாக, வேலை செய்து ஓய்வுபெற்று உச்சிப்புளிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு முறை ஒரு ரைஃபிள் சங்கத்தின் ரேஞ்சுக்குப் போய், அங்கே பழகும் பிள்ளைகளின் துப்பாக்கிகளைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

முதலில் அந்தச் சோற்றுப் பதத்தை எடுத்துக்கொள்வோம். பானையில் இருக்கும் அரிசி முழுவதும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரத்தில் கொதிக்கிறது. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து மற்றதைச் சொல்லிவிடலாம். பேரலை விட்டுப் புறப்படும் குண்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தின் எடை, அதைப் பற்றவைக்கும் பிரைமரின் வீச்சு, குண்டின் வடிவம், அது தோட்டாவின் உறையான கோதில் பொருந்தியிருக்கும் இறுக்கம் ஆகிய அனைத்தும் இம்மியளவு வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுகள் ஒரு நேரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், ஒரு நேரம் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கும். மூன்று தோட்டாவில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்காகவே சொல்கிறேன். ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டத்தைக் குரூப் என்போம்; மிகத் தள்ளி நிற்கும் இரண்டு துளைகளின் இடைவெளிதான் அதன் அகலம். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்று வைத்துக்கொண்டால், பத்துத் தோட்டாக் குரூப்பின் சராசரி அகலம் மூன்று தோட்டாக் குரூப்பின் சராசரி அகலத்தைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு இருக்கும். மூன்று தோட்டாவில் சராசரியாக 10 மில்லிமீட்டர் காட்டும் துப்பாக்கி, பத்துத் தோட்டாவில் சராசரியாக 16 மில்லிமீட்டர் காட்டும். அதைவிட முக்கியமானது, மூன்று தோட்டாக் குரூப் தன் சராசரியிலேயே நிலைத்து நிற்காது என்பதுதான். அதே துப்பாக்கியில் ஒரு முறை 5 மில்லிமீட்டரும் அடுத்த முறை 15 மில்லிமீட்டரும் வந்தால் அதில் அதிசயப்பட எதுவும் இல்லை. ஐந்து மில்லிமீட்டர் வந்த அட்டையைப் பர்சில் மடித்து வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுவதும், பதினைந்து வந்த அட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அன்றைக்குக் கை சரியில்லை என்று சொல்லிக்கொள்வதும் மனித சுபாவம். கட்டுரையில் அச்சான படத்தில் இருந்தது எந்த அட்டை என்று நான் கேட்கவில்லை.

50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கு இந்தக் கணக்கு எங்கே வந்து உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; அதில் சுடும் .22 குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். ஆகவே துளை மையங்களுக்கிடையே குரூப்பின் அகலம் 16 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், எவ்வளவு சரியாகக் குறியை நடுவில் வைத்தாலும் எல்லாத் தோட்டாவும் பத்தில் விழவே முடியாது. மூன்று தோட்டாவில் 10 மில்லிமீட்டர் காட்டிய பேரலைப் பார்த்து எல்லாம் பத்துதான் என்று நினைக்கும் பிள்ளை, அறுபது தோட்டாப் போட்டியில் ஒன்பதுகளை வாங்கும்போது தன் மூச்சையும் விரலையும் நொந்துகொள்கிறது. குற்றம் அந்தப் பிள்ளையுடையது அல்ல என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் சங்கத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு புதிய .22 ரைஃபிள் வந்தது. மண்டபத்தைச் சேர்ந்த மீனவர் வீட்டுப் பெண், கல்லூரி மாணவி, அதைப் படுத்த நிலையில் முதன்முதலாகச் சுட்டாள். மூன்றாவது தோட்டா போனதும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டு, "தாத்தா, மூணும் ஒரே ஓட்டை!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஏழு சுடு தாயி, அப்புறம் சொல்லு" என்றேன். நான்காவதும் ஐந்தாவதும் அதே துளையைச் சற்றே அகலப்படுத்தின. ஆறாவது தோட்டா இடப்பக்கம் தனியாகப் போய் நின்றது. ஒன்பதாவது மேலே ஏறியது. பத்தும் முடிந்து வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் 21 மில்லிமீட்டர். அவள் முகம் சுருங்கிவிட்டது. முதல் மூன்றோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கு அவளும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள், அந்தத் தோட்டாவை ஆண்டு முழுமைக்கும் வாங்கியும் இருப்போம். அவளுடைய அப்பாவுக்கு இந்தப் பேச்சு உடனே புரிந்தது. ஒரு நாள் ஒரு இடத்தில் நல்ல மீன்பாடு விழுந்தது என்பதற்காக யாரும் சீசன் முழுக்க அங்கேயே வலையைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னார்.

இனி, கையால் நிரப்பும் தோட்டாவைப் பற்றி. ஹேண்ட்லோட் என்று சொல்லப்படும் இந்த வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் சட்டப்படி நடக்கும், பழைய, மரியாதைக்குரிய ஒரு கைத்தொழில்தான். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது ஏன் பிறந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதில் நமக்கு எது உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தொழிற்சாலைப் பேரல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தோன்றினாலும் அவை அப்படி இல்லை. பேரல் துளையின் உட்சுவரில், குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரிகளைக் கத்தியால் வெட்டியும் எடுக்கலாம், கடினமான பொத்தானை உள்ளே இழுத்தும் பதிக்கலாம், உள்ளே அச்சுக்கம்பியை வைத்து வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்தும் உருவாக்கலாம். எந்த முறையானாலும், தோட்டா உட்காரும் சேம்பரை ஒரு ரீமரால் குடைந்தாக வேண்டும். அந்த ரீமர் தேயத் தேய, அதைத் தீட்டத் தீட்ட, அது குடையும் சேம்பர் மயிரிழை மயிரிழையாகச் சிறுத்துக்கொண்டே வரும். ஆகவே ஒரே நாளில் ஒரே பட்டறையிலிருந்து வந்த இரண்டு துப்பாக்கிகளில்கூடச் சேம்பரும், சுருள்வரி தொடங்கும் இடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கடையில் விற்கும் தோட்டாவோ அந்த வகைச் சேம்பர்கள் அனைத்திலும் பாதுகாப்பாக நுழைந்து வெடிக்க வேண்டும் என்ற பொதுக் கணக்கில் செய்யப்படுகிறது. எல்லாருக்கும் பொருந்தத் தைத்த ஆயத்தச் சட்டை யாருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. கையால் நிரப்புகிறவர் தன் பேரலுக்கு அளவெடுத்துத் தைக்கிறார்.

அவர் முதலில் பார்ப்பது மருந்தை அல்ல, சுருளை. சுருள்வரி ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு நீளமான குண்டை அந்தப் பேரல் நிலையாகச் சுழற்றி அனுப்பும் என்பது அமைகிறது. 1879ஆம் ஆண்டிலேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். ராணுவத்தில் நாங்கள் கையாண்ட .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதுவும் இடப்பக்கமாகச் சுற்றும்; .22 ரைஃபிளில் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 5.56 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவில் 55 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம்) குண்டு இருந்தபோது 12 அங்குலச் சுருள் போதுமானதாக இருந்தது. 62 கிரெய்ன் குண்டும், அதைவிட நீளமான, போகும் பாதை தெரிய ஒளிவிடும் ஒளிக்குண்டும் வந்தபோது 7 அங்குலத்துக்கு இறுக்க வேண்டியதாயிற்று. சுருளும் குண்டும் பொருந்தாத பேரலில் குண்டு தள்ளாடிப் போய் அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வாக்கில் கிழித்துவிட்டுப் போகும். அங்கே மருந்தை எவ்வளவு நுணுக்கமாக நிறுத்தாலும் பயன் இல்லை.

அதன் பிறகுதான் நிறுக்கும் வேலை. மருந்தை அவர்கள் கிரெய்ன் கணக்கில், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் எடை இருக்கும் என்றால், கையால் நிரப்புகிறவர் கணக்குப் பார்ப்பது ஒரு குன்றிமணியில் இருபதில் ஒரு பங்கு. உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையில் இருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறுசிறு படியாகத்தான் மேலே போவார். அட்டவணையின் உச்ச அளவில் தொடங்குகிறவரைத் தைரியசாலி என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் .308 போன்ற ஒரு சாதாரணத் தோட்டாவுக்கே அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது நடப்பது சுடுநரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். பிரைமர் தட்டையாகிவிட்டதா, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் தூக்குவதற்கு முரண்டு பிடிக்கிறதா என்று ஒவ்வொரு கோதையும் எடுத்துப் பார்த்துக்கொண்டே போவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். மருந்தின் அளவை மாற்றும்போது குண்டின் ஆழத்தைத் தொடமாட்டார். ஆழத்தை, அதாவது குண்டின் தோள் சுருள்வரியைத் தொடுவதற்கு எவ்வளவு இடைவெளி என்பதை, மாற்றும்போது மருந்தை மாற்றமாட்டார். புதிய பேரலில் முதலில் சில பத்துத் தோட்டாக்கள் போய் உட்சுவர் சற்று மழமழப்பான பிறகே இந்தச் சோதனையைத் தொடங்குவது வழக்கம். அதற்கு முன் கிடைக்கும் வேகக் கணக்கு பின்னால் மாறிவிடக்கூடும்.

இந்த இடத்தில் கையால் நிரப்புகிறவர்களிடையே இருக்கும் ஒரு பழக்கத்தை நான் ஏற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் மூன்று தோட்டா சுட்டு, எந்தப் படியில் துளைகள் நெருங்கி வருகின்றனவோ அதுவே அந்தப் பேரல் விரும்பும் அளவு, அங்கேதான் பேரலின் அதிர்வு அடங்குகிறது என்று முடிவுகட்டுவார்கள். பேரல் அதிர்கிறது என்பது உண்மைதான். ஆனால் பத்துப் படிகளில் மூன்று மூன்றாகச் சுட்டால், ஒன்றுமே மாறாவிட்டாலும் ஏதோ ஒரு படி தற்செயலாக நெருங்கித்தான் இருக்கும். அதே படியைப் பத்துப் பத்தாக இன்னொரு நாள் சுட்டுப் பார்த்தால் அந்த நெருக்கம் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. இருக்கும் முப்பது தோட்டாவைப் பத்து இடத்தில் மூன்று மூன்றாகப் பிரித்துத் தெளிப்பதைவிட, மூன்று இடத்தில் பத்துப் பத்தாகக் குவிப்பது அதிகம் சொல்லும். அதிலும் குரூப்பின் அகலத்தை மட்டும் அளப்பது பத்துத் துளைகளில் ஓரமாக நிற்கும் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு எட்டை வாய்மூடச் சொல்வதற்குச் சமம். எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுத்தால், அதே பத்துத் தோட்டாவில் கூடுதல் உண்மை கிடைக்கும்.

வீட்டிலேயே பழக வேண்டும் என்ற யோசனைக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் போலவே தோட்டாவைத் தயாரிப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் தோட்டா தயாரிப்பதற்கான உரிமம் ஆகாது. வெடிமருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. நாளிதழில் படித்ததை நம்பி ஒரு பிள்ளை எங்கிருந்தோ மருந்தும் பிரைமரும் வாங்கி வைத்துக்கொண்டால், அவனுடைய விளையாட்டு வாழ்க்கை அன்றே முடிந்துவிடும், வழக்கு மட்டும் தொடரும். சட்டத்தை விடுங்கள்; வெடி போட்டு மீன் பிடிக்கப் போய் மணிக்கட்டோடு கையை இழந்தவர்களை இந்தக் கரையில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். மருந்து அனுபவம் பார்த்து வெடிப்பதில்லை. இன்னொன்று: நம் பிள்ளைகள் அதிகம் சுடுவது .22 ரைஃபிளும் காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும்தான். .22 தோட்டாவில் பிரைமர் கலவை கோதின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதாலும், ஒரு முறை அடிபட்ட விளிம்பு நசுங்கிவிடுவதாலும், அதைத் திரும்ப நிரப்பும் வழக்கம் வெளிநாட்டிலும் இல்லை. ஏர் ரைஃபிளில் நிரப்புவதற்கு எதுவும் கிடையாது. ஆகவே கட்டுரையாளர் பரிந்துரைத்த வழி, அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஆனால் கையால் நிரப்புகிறவரின் பொறுமையை நாம் இரவல் வாங்கலாம், அதற்கு உரிமம் தேவையில்லை. .22 தோட்டாவைச் சுடுகிறவர்கள் உலகம் முழுவதும் செய்வது தொகுதிச் சோதனை. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டியாக இருந்தாலும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண், மாறினால் தோட்டாவும் மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஈலி, லாபுவா போன்ற உற்பத்தியாளர்கள், சுடுநர்கள் தங்கள் ரைஃபிளைக் கொண்டுவந்து பல லாட்டுகளைச் சோதித்துத் தங்களுடையதைத் தேர்ந்தெடுப்பதற்காகவே தனிச் சோதனைக்கூடங்களை நடத்துகிறார்கள். ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டான பெல்லட்டிலும் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலையளவு பிரித்து விற்பது இதற்காகத்தான்.

முன்னே சொன்ன அந்தப் பெண்ணுக்காக நாங்கள் நான்கு லாட் தோட்டாக்களை எடுத்துக்கொண்டோம். .22 குண்டின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கும். ஒரு லாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய பூச்சு பேரலை விட்டுப் போய்ப் புதியது படியும்வரை குண்டுகள் முறையாகப் போகாது. அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் முதல் 15 தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளினோம். பிறகு பத்துப் பத்தாக நான்கு குரூப். லாட் எண், நேரம், காற்று, பேரலின் சூடு ஆகியவற்றைக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் அவளே எழுதினாள். முதல் நாள் மூன்று தோட்டாவை ஒரே துளையில் போட்ட அந்த விலை உயர்ந்த லாட், நான்கு குரூப்பிலும் 17 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கவே இல்லை. பெட்டி விலையில் மூன்றாவது இடத்தில் இருந்த லாட், கண்ணைப் பறிக்கும் மூன்று தோட்டாக் குரூப்பை ஒரு முறைகூடக் காட்டவில்லை; ஆனால் அதன் நான்கு பத்துகளும் 13க்கும் 16க்கும் இடையிலேயே நின்றன. அவள் இப்போது அதைத்தான் சுடுகிறாள்.

எங்கள் கடற்கரையில் இந்தச் சோதனையைச் செய்வதற்கு வேறு சில தொந்தரவுகள் உண்டு. ஒன்று காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று, 50 மீட்டரில் .22 குண்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிவிடும். நான்கு லாட்டுகளுக்கிடையே நாங்கள் தேடிய வேறுபாடே சில மில்லிமீட்டர்தான் என்னும்போது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்பகல் பதினோரு மணிக்குச் சோதித்துவிட்டு ஒரு லாட்டைக் குறை சொல்வது காற்றை அளந்துவிட்டுத் தோட்டாவுக்குப் பெயர் வைப்பது ஆகும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், கரைக்காற்று அடங்கிக் கடல்காற்று எழும்புவதற்கு முன் கிடைக்கும் அமைதியில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது வெயில். காருக்குள்ளோ தகரக் கூரைக்கடியிலோ காய்ந்த தோட்டாவில் அழுத்தமும் வேகமும் ஏறும். நிழலில் இருந்த பெட்டியையும் வெயிலில் கிடந்த பெட்டியையும் ஒப்பிட்டு எதுவும் சொல்லக் கூடாது.

மூன்றாவது உப்பு. பாம்பன் பாலத்தில் துருவோடு ரயில்வே நூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்திய சண்டையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில் பழைய .303 தோட்டாக்களின் பிரைமர் எரிந்த பிறகு பேரலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் துருவாக்கிவிடும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது என்பதால் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துச் சேம்பர் பக்கமிருந்து ஊற்றி, பேரலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோர்த்து, துணி வெள்ளையாக வரும்வரை இழுப்போம். இப்போதைய தோட்டாக்களில் அந்தப் பிரைமர் இல்லை. ஆனால் இங்கே அந்த உப்பு கடலிலிருந்து நேராக வருகிறது. இந்தக் கரையில் இரவு முழுக்கத் துடைக்காமல் வைத்த பேரலின் வாயில் மறுநாள் காலையில் விரலை வைத்துப் பாருங்கள், செம்மண் தொட்டதுபோல் இருக்கும். குண்டு பேரலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அந்த வாய்தான். அதன் விளிம்பில் ஒரு புள்ளி அரித்தாலும் குண்டு சமமாக விடுபடாது. எங்கள் பிள்ளைகளின் சோதனை நோட்டில் பேரலைக் கடைசியாகத் துடைத்த தேதிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

நான் ஏமாந்த கதையையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அதே ரைஃபிள், அதே நல்ல லாட், ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் 30 மில்லிமீட்டர் காட்டியது. பேரல்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, விற்றவருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதி, அதைத் தபாலில் சேர்க்கச் சட்டைப் பையிலும் வைத்துவிட்டேன். கடைசியாகக் கழற்றித்தான் பார்ப்போமே என்று திருகுச்சாவியை எடுத்தால், துப்பாக்கியின் உடலை மரச்சட்டத்தோடு பிணைக்கும் முன்திருகு ஒரு கால் சுற்று தளர்ந்திருந்தது. ஈரத்தில் ஊதிய மரம் வெயிலில் சுருங்கியபோது திருகின் பிடி விட்டிருக்கிறது. இறுக்கிச் சுட்டோம், 15 மில்லிமீட்டர். இருபத்து நான்கு ஆண்டு ஆர்மரர் முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தான் என்பதை அந்த மாணவி நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வீட்டில் தோட்டா நிரப்புவது உரிமமில்லாமல் குற்றமாகும் என்ற ஒரு வரித் திருத்தத்தை அதே விளையாட்டுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். அடுத்து, தோட்டாக்களை இறக்குமதி செய்து கொடுப்பவர்களும் அவற்றைப் பங்கிடும் சங்கங்களும் ரசீதில் லாட் எண்ணைக் குறிப்பதில்லை. ஒரே ஒதுக்கீட்டில் மூன்று லாட்டுகளைக் கலந்து கொடுக்கிறார்கள். சோதிப்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, பிறகு தேர்ந்த லாட்டில் மொத்தமாக வாங்கலாம் என்றால் அதற்குள் அது தீர்ந்துவிடுகிறது. லாட் எண்ணை ரசீதில் எழுதுவதற்கு யாருக்கும் காசு செலவாகாது. சோதனை முடியும்வரை, ஒரு பதினைந்து நாட்களுக்காவது, அந்த லாட்டைச் சங்கத்தின் பெயரில் நிறுத்தி வைத்தால் மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து வரும் பிள்ளைகள், தாங்கள் சோதித்த தோட்டாவையே போட்டிக்கும் எடுத்துக்கொண்டு போக முடியும். இதைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி வந்தால், நான் சங்கத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்த மனுவைவிட வேகமாக வேலை நடக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஆர்மரர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.